நடுநிலைப் பள்ளி அறிவியல்: புத்தகம் மட்டும் மாறினால் போதுமா?

பாடத்திட்டம் மாறப்போகிறது என்று செய்தி வந்தாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எதைச் சேர்க்கிறாங்க, எதை எடுக்கிறாங்க?" என்பதுதான். பத்திரிகைகள் அதைத்தான் எழுதும், கட்சிகளும் அதற்குத்தான் சண்டை போடும். 6, 7, 8 வகுப்புகளின் அறிவியலைப் பொறுத்தவரை அது பாதிக் கேள்விதான் என்பது என் கட்சி. அந்த வயதில் அறிவியல் வகுப்பு எப்படி நடக்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: புத்தகம், சோதனைப் பொருள்கள், ஆசிரியர்கள் கூடிப் பேசுகிற இடம், தேர்வு. இதில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே விட்டால், அந்த மூன்றும் சேர்ந்து புதுப் புத்தகத்தையும் பழைய புத்தகமாக்கிவிடும்.

இதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நான்கையும் ஒன்றாக மாற்றிப் பார்த்த ஒரு முயற்சி இதே நாட்டில், அரசுப் பள்ளிகளில், 30 ஆண்டுகள் நடந்தது. பிறகு ஒரே உத்தரவில் மூடப்பட்டது. நடுநிலைப் பள்ளிகளின் எதிர்காலத்தைப் பற்றி யார் பேசினாலும் முதலில் இந்தக் கதைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹோஷங்காபாத்தில் என்ன நடந்தது

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இது தொடங்கியது. தொடங்கியவை கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள். மாநில அரசு அனுமதி கொடுத்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போனது. 1982-ல் ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவாகிப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2002-ல் மூடும்போது சுமார் 15 மாவட்டங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள் இந்த முறையில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் என்பது இதன் பெயர்.

நான் சொன்ன நான்கையும் அங்கே எப்படி மாற்றினார்கள்?

முதலில் புத்தகம். 'பால் வைஞானிக்' என்று பெயர், சிறுவர் விஞ்ஞானி என்று பொருள். வகுப்புக்கு ஒன்று. வழக்கமான பாடப்புத்தகம் மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டு போகாது. செய்ய வேண்டியவை இருக்கும், கேள்விகள் இருக்கும், விடை இருக்காது. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனையைச் செய்து, கண்டதை அவரவர் நோட்டில் எழுதி, பிறகு வகுப்பே சேர்ந்து பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒரே மேசையின் நீளத்தை எல்லாரும் அளந்தால் எல்லாருக்கும் ஒரே எண் வராது. ஏன் வரவில்லை என்பதே பாடம். 8-ஆம் வகுப்பில் நாணயத்தைச் சுண்டியும் பகடையை உருட்டியும் நிகழ்தகவு படித்தார்கள். அணுவின் உள்ளமைப்பு போல அந்த வயதுப் பிள்ளை சோதனை செய்து எட்ட முடியாத விஷயங்களை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தார்கள்.

இரண்டாவது, பொருள்கள். எல்லாப் பிள்ளைகளும் கையால் செய்ய வேண்டும் என்பதால் விலை மலிவான, உள்ளூரில் கிடைக்கிற பொருள்களைத் தேடினார்கள். 1978-ல் அங்கே போன அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவங்கள் செய்ய ஆரம்பித்தது இந்தத் தேடலில்தான். அவருடைய பொம்மைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அவை எந்தத் திட்டத்தில் பிறந்தன என்ற செய்திதான் கூட வரவில்லை.

மூன்றாவது, ஆசிரியர் கூட்டம். கோடையில் பயிற்சி, அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஒரு மையப் பள்ளியில் சந்திப்பு. எந்தச் சோதனை சரியாக வரவில்லை, எந்தக் கேள்வியில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு திரும்பப் புத்தகத்துக்குள் போகும். பால் வைஞானிக் பலமுறை திருத்தி எழுதப்பட்டது இப்படித்தான்.

நான்காவது, தேர்வு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 8-ஆம் வகுப்பின் பொதுத் தேர்வையே மாற்றிக்கொள்ள அரசு விட்டது. புத்தகத்தையும் சொந்த நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தைத் திறந்து எழுதுகிற தேர்வில் "வரையறு", "பெயர் எழுதுக" என்று கேட்டுப் பயனில்லை. அதனால் கேள்வி கேட்பவரும் மாறியே ஆக வேண்டியிருந்தது.

ஒரு சேப்பங்கிழங்கு இலை

இந்த நான்கும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? ஒரு உதாரணம் வைத்துப் பார்க்கலாம்.

வேரையும் இலையையும் சேர்த்துப் பார்க்கிற பாடம் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ஹோஷங்காபாத்திலும் இருந்தது. இலையில் நரம்புகள் வலை மாதிரி பின்னியிருந்தால் ஆணிவேர், ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் சல்லிவேர். அந்தப் பக்கத்து வயலிலேயே இரண்டும் உண்டு, சோயாவைப் பிடுங்கினால் ஆணிவேர், கோதுமையைப் பிடுங்கினால் சல்லிவேர்.

இதைப் புத்தகத்தில் ஒரு வரியாக அச்சடித்து, "சல்லிவேர்த் தாவரத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டு தருக" என்று கேட்டால் வேலை முடிந்தது. பிள்ளை "நெல், புல்" என்று எழுதும், ஒரு மதிப்பெண் வரும். வயலுக்குப் போகத் தேவையில்லை.

வயலுக்கு அனுப்பிவிட்டால் கதையே வேறு. நாலு பேர் நாலு திசையில் போய்ச் செடி பிடுங்கி வருவார்கள். எவனாவது ஒருவன் வாய்க்கால் ஓரத்திலிருந்து சேப்பங்கிழங்குச் செடியைத் தூக்கிக்கொண்டு வருவான். இலையில் நரம்பு பின்னியிருக்கிறது, கீழே பார்த்தால் சல்லிவேர். "சார், இது தப்பா இருக்கு!" என்பான்.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்வார் என்பதில்தான் அறிவியல் கல்வி இருக்கிறது. தேர்வில் விதியைத்தான் கேட்பார்கள் என்றால், "அதெல்லாம் விதிவிலக்கு, உட்காரு" என்று சொல்வதுதான் நியாயம். அவர்மேல் குற்றமில்லை, பாடத்தை முடிக்க வேண்டும். தேர்வில் முன்பின் பார்க்காத ஒரு செடியைக் கொடுத்து "இதைப் பற்றி என்ன சொல்வாய், எப்படிச் சரிபார்ப்பாய்?" என்று கேட்பார்கள் என்று தெரிந்தால், அந்தச் சேப்பங்கிழங்கு அன்றைய வகுப்பின் கதாநாயகன். பத்துச் செடிகளில் ஒன்பது விதிக்கு அடங்குகிறது, ஒன்று அடங்கவில்லை என்றால் அந்த விதியை எவ்வளவு நம்பலாம் என்று பேச்சு தொடரும். ஆசிரியருக்கே பதில் தெரியாவிட்டால் மாதக் கூட்டத்துக்கு எடுத்துப்போகலாம், சங்கடமில்லை.

இரண்டு வகுப்பிலும் புத்தகத்து வரி ஒன்றுதான். வகுப்பின் போக்கை மாற்றியது தேர்வும் கூட்டமும்.

அந்தத் திட்டத்தின் பலவீனங்கள்

ஹோஷங்காபாத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் அதை ஒரு இழந்த சொர்க்கமாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விடை இல்லாத புத்தகம் நல்ல ஆசிரியர் கையில் தங்கம். வகுப்பே ஒழுங்காக நடக்காத பள்ளியில் அது வெறும் கேள்வித்தாள். நாலு நாள் அறுவடைக்குப் போய்விட்டு வருகிற பிள்ளை விட்டதைத் தானே படித்துப் பிடிக்க வழி இல்லை. வழக்கமான மோசமான புத்தகம்கூட இந்த விஷயத்தில் உதவும், குறைந்தபட்சம் அதில் விஷயம் இருக்கும். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டத்துக்கு இது சின்னக் குறை இல்லை.

எல்லாவற்றையும் கையால் செய்து பார்த்தே அறிய வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கேள்வி கேட்கலாம். அறிவியலில் பாதி, இன்னொருவர் கண்டுபிடித்ததை எந்த ஆதாரத்தில் நம்பலாம் என்று எடைபோடுவது. கிருமியையும் தடுப்பூசியையும் பற்றி ஒரு பிள்ளை வகுப்பறைச் சோதனையால் அறிய முடியாது. ஆனால் அறிந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது குறைதான் கடைசியில் உயிரை எடுத்தது. திட்டம் 8-ஆம் வகுப்போடு நின்றுவிட்டது, 9, 10-க்கு ஏறவே இல்லை. மூன்று வருடம் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை 9-ஆம் வகுப்பில் மறுபடி மனப்பாடத்துக்குள் போனது.

எதைக் கொண்டு அளந்தார்கள்?

2002-ல் மத்தியப் பிரதேச அரசு திட்டத்தை மூடியது. மாவட்டத் திட்டக் குழு மூடச் சொல்லிப் பரிந்துரைத்திருந்தது. இந்த முறையில் படிக்கும் பிள்ளைகள் மேல் வகுப்பில் பின்தங்குகிறார்கள் என்பதும், மாநிலம் முழுக்க ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்பதும் முக்கியமான வாதங்கள். ஏகலவ்யா மறுத்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கதை முழுவதையும் சுஷில் ஜோஷி 'ஜஷ்ன்-ஏ-தாலீம்' என்ற இந்திப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

பின்தங்கினார்களா இல்லையா என்ற புள்ளிவிவரச் சண்டைக்குள் நான் போகவில்லை. என் கேள்வி அதற்கும் முந்தியது. 10-ஆம் வகுப்புத் தேர்வு எதை அளக்கிறதோ அதை ஹோஷங்காபாத் கற்றுக்கொடுக்கவில்லை. ஹோஷங்காபாத் கற்றுக்கொடுத்ததை 10-ஆம் வகுப்புத் தேர்வு அளக்கவில்லை. பாலை முழம்போட்டு அளந்த மாதிரி. அளவுகோலே பொருந்தாது என்று சொல்ல அன்றைக்கு அரசில் யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் நடுநிலைப் பள்ளி என்பது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு காத்திருக்கும் அறை என்பதுதான் பொதுவான எண்ணம். அங்கே கற்றதற்கு அங்கேயே மதிப்பு இல்லை, மேலே போய் என்ன வாங்கினான் என்பதுதான் கணக்கு.

அதே எண்ணம், 20 வருடம் கழித்து

இந்தக் காத்திருக்கும் அறை எண்ணம் ஹோஷங்காபாத்தோடு போய்விடவில்லை. 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. கொரோனாவைக் காரணம் காட்டிப் புத்தகங்களின் சுமையைக் குறைத்தது. 10-ஆம் வகுப்பில் பரிணாமமும் தனிம வரிசை அட்டவணையும் போய்விட்டன என்று 2023-ல் பெரிய சர்ச்சை வெடித்தது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பரிணாமத்துக்காக ஒரு திறந்த கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். நியாயமான கோபம்.

அதே சமயத்தில் 7-ஆம் வகுப்பில் மண் பாடம் போனது, காற்று-புயல் பாடம் போனது, தண்ணீர் போனது. 8-ஆம் வகுப்பில் செல் போனது, விண்மீன்களும் சூரியக் குடும்பமும் போயின, காற்று-நீர் மாசு போனது. இதற்கு யாரும் அந்த அளவுக்குக் குரல் கொடுக்கவில்லை.

நீக்குவதற்கு அவர்கள் சொன்ன பொதுக் காரணங்களில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மேல் வகுப்பிலோ கீழ் வகுப்பிலோ அதே விஷயம் இருக்கிறது. இரண்டு, ஆசிரியர் பெரிதாகத் தலையிடாமலே பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்ளக்கூடியது. முதல் காரணத்தைச் செல் பாடத்தோடு வைத்துப் படித்தால், 9-ஆம் வகுப்பில்தான் வருகிறதே, 8-ல் எதற்கு என்று ஆகிறது. காத்திருக்கும் அறை என்று நான் சொன்னது இதைத்தான். இரண்டாவது காரணத்தை மண், தண்ணீர் பாடங்களோடு வைத்துப் படித்தால் இன்னும் வேடிக்கை. கையால் தொட்டு, பக்கத்துப் பிள்ளையோடு பேசி, ஆசிரியர் கேட்கிற கேள்வியில் முன்னேற வேண்டிய பாடங்கள் அவை. "சும்மா தானே படிச்சுக்கலாம்" என்ற பட்டியலில் முதலில் விழக்கூடியவையும் அவைதான்.

இப்போது 'கியூரியாசிட்டி' என்ற பெயரில் 6, 7, 8 வகுப்புகளுக்குப் புது என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் வந்துவிட்டன. புயல் 8-ஆம் வகுப்பில் திரும்பி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் போவதும் வருவதும் புத்தகத்துக்குள்ளேயே நடக்கிறது. மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நம் பக்கத்துக் கதை

தமிழ்நாட்டில் 2017-ல் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்துப் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். 2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புத்தகம் வந்தது. அச்சும் படமும் முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். 'செயல்பாடு' என்று பெட்டி போட்டு நிறையச் சோதனைகள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பாடத்தின் கடைசிக்குப் போய் 'மதிப்பீடு' பக்கத்தைப் பாருங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்துக. பெட்டிக்குள் இருக்கிற சோதனையைச் செய்யாமலே இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை எழுதலாம். ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் பெட்டியை யார் திறப்பார்கள்?

2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் பொருள்களோடு போய்ச் சோதனை செய்து காட்டுகிறார்கள். நடுநிலைப் பள்ளியை இவ்வளவு பெரிய அளவில் தனியாகக் கவனித்த திட்டம் தமிழ்நாட்டில் அபூர்வம், அதனால் இதை நான் மதிக்கிறேன். கருத்தாளர் வருகிற நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. என் தயக்கம் அந்தத் திருவிழாவைப் பற்றித்தான். ஹோஷங்காபாத்தில் சோதனைதான் அன்றாட வகுப்பு, செய்தவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர். இங்கே சோதனை வெளியிலிருந்து வண்டியில் வந்து, வண்டியிலேயே போகிறது. மறுநாள் வகுப்பில் கோடிட்ட இடம் காத்திருக்கிறது.

இதற்கெல்லாம் வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்றாவது தேவையான ஆசிரியர் கூட்டத்துக்கு இங்கே குறுவள மையம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை அந்தக் கூட்டங்களில் மேலிருந்து வருகிற செய்தி கீழே இறங்குகிறது, கீழே இருக்கிற சேப்பங்கிழங்கு மேலே ஏறுவதில்லை. நான்காவதுக்கும் இடம் இருக்கிறது. முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் 60 மதிப்பெண் தொகுத்தறி, 40 வளரறி. அந்த 40-ல் ஒரு பகுதியைப் புத்தகம் திறந்த கேள்விக்கும் செய்முறைக்கும் ஒதுக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

சட்டம் தடையாக நிற்பது வேறொரு இடத்தில். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது வேண்டும். அவர்களில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் இருந்தால் போதும். 'சேர்த்து' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். சிறிய பள்ளி ஒன்றில் கணிதம் படித்த ஒருவர் மட்டும் இருந்தாலும் காகிதத்தில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறார் என்று கணக்கு நேராகிவிடும். அவர் மூன்று வகுப்புக்கும் கணிதம், அறிவியல் இரண்டும் எடுத்துக்கொண்டு, பதிவேடும் நிரப்பிக்கொண்டு, பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? நடுநிலைப் பள்ளியின் எதிர்காலம் என்று பேசுகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டிய சொல் அது. அறிவியலுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர்.

எந்த வரிசையில்?

நம் ஊரில் பாடத்திட்டத்தை மாற்றுகிற வரிசை எப்போதும் ஒன்றுதான். குழு, புத்தகம், அச்சகம், பயிற்சி, கடைசியில் கேள்வித்தாள். கேள்வித்தாள் கடைசியில் வருவதால் அது பழைய கேள்வித்தாளாகவே வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 8-ஆம் வகுப்பு முடிக்கிற பிள்ளையிடம் என்ன கேட்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாம். அந்தக் கேள்விக்கு விடை எழுத என்னென்ன பொருள் கையில் இருந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடலாம். அந்த வகுப்பை நடத்துகிற ஆசிரியர் மாதாமாதம் யாரிடம் பேசுவார் என்று ஏற்பாடு செய்யலாம். புத்தகம் இதற்கெல்லாம் பிறகு வரட்டும். வருஷத்துக்கு ஒருமுறை திருத்தவும் படட்டும்.

கூடவே 9-ஆம் வகுப்போடு ஒரு ஒப்பந்தம் வேண்டும். மேலே போகிற இடத்தில் அதே மாதிரிக் கேள்விகள் கொஞ்சமாவது இல்லாவிட்டால், ஹோஷங்காபாத்துக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். 10-ஆம் வகுப்பு மார்க்கைக் காட்டி யாராவது ஒருவர் ஒரு மனு எழுதினால் போதும்.

ஆகவே அடுத்த முறை புதுப் பாடத்திட்டம் என்று சொல்லி வழவழப்பான அட்டையோடு ஒரு புத்தகத்தை யாராவது நீட்டினால், பாடத் தலைப்புகளைப் புரட்டுவதற்கு முன்னால் நான் ஒன்றுதான் கேட்பேன்: எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.